சிவப்புத் தொப்பியும் பல் போன ஓநாயும்

கேள்வி: "என் மகளுக்கு ஒன்பது வயது. தேவதைக் கதைகளின் புது வடிவங்களாக ஆங்கிலத்தில் வாங்கிக் குவிக்கிறாள். இளவரசி வாள் எடுக்கிறாள், சூனியக்காரி நல்லவளாகிவிடுகிறாள், ஓநாய் மன்னிப்புக் கேட்கிறது. இதெல்லாம் மூலக்கதையைக் கெடுப்பது இல்லையா? கிரிம் சகோதரர்கள் எழுதியதை அப்படியே படித்துக் காட்டினால் போதாதா?"

தாராளமாகப் படித்துக் காட்டுங்கள். ஒன்பது வயதுக்குக் கிரிம் நல்ல தீனி. ஆனால் கிரிம் எழுதியதுதான் மூலம், மற்றதெல்லாம் அதன் கெட்டுப்போன நகல் என்ற நினைப்போடு படித்தால், புது வடிவங்களில் எது தேறும், எது தேறாது என்று பார்க்கும் கண் நமக்கு வராது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியில் நாட்டார் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களே மாற்றிச் சொன்னவர்கள். அவர்களுக்கு முன்னால் சொன்னவரும் மாற்றித்தான் சொன்னார். புது வடிவங்களில் பாதிக்கு மேல் எனக்கும் பிடிப்பதில்லை, ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்துக்காக இல்லை. அதை விளக்க ஒரே ஒரு கதையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போக வேண்டும். லிட்டில் ரெட் ரைடிங் ஹூட், நம் வசதிக்குச் சிவப்புத் தொப்பிச் சிறுமி என்று வைத்துக்கொள்வோம்.

நமக்கெல்லாம் தெரிந்த கதை இது: உடம்பு சரியில்லாத பாட்டிக்குத் தின்பண்டம் எடுத்துக்கொண்டு காட்டு வழியே போகிறாள் ஒரு சிறுமி. ஓநாய் ஒன்று பேச்சுக் கொடுத்து விஷயத்தைக் கறந்துகொண்டு, முந்திப் போய்ப் பாட்டியை விழுங்கிவிட்டு, அவள் உடையைப் போட்டுக்கொண்டு கட்டிலில் படுத்துக்கொள்கிறது. "பாட்டி, உன் காது ஏன் இவ்வளவு பெரிசு?" என்று ஆரம்பிக்கும் அந்தப் பேச்சு வாயில் போய் முடிகிறது. சிறுமியும் வயிற்றுக்குள். அப்புறம் வேட்டைக்காரர் வந்து வயிற்றை வெட்டி இருவரையும் உயிரோடு எடுக்கிறார். சுபம்.

இந்தக் கதை முதன்முதலில் அச்சேறியது 1697-இல், பாரிஸில். எழுதியவர் ஷார்ல் பெரோ. பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேரின் கீழ் வேலை பார்த்தவர், பிரெஞ்சு அகாதமி உறுப்பினர். அவர் புத்தகத்தில் எட்டே கதைகள்; சிண்ட்ரெல்லா, ஸ்லீப்பிங் பியூட்டி, நீலத்தாடிக்காரன், பூட்ஸ் போட்ட பூனை எல்லாம் அதற்குள் அடக்கம். அங்கே வேட்டைக்காரர் கிடையாது. ஓநாய் "வந்து என்னோடு படு" என்கிறது. சிறுமி உடையைக் களைந்துவிட்டுக் கட்டிலில் ஏறுகிறாள். கை, கால், காது, கண், பல் என்று வரிசையாகக் கேட்கிறாள். ஓநாய் பாய்ந்து தின்றுவிடுகிறது. அவ்வளவுதான், கதை முடிந்தது. கீழே செய்யுளில் ஒரு நீதி: அழகான இளம்பெண்கள் கண்டவர் பேச்சைக் கேட்கக் கூடாது, எல்லா ஓநாயும் உறுமிக்கொண்டு வராது, நயமாகப் பேசிக்கொண்டே வீட்டுக்குள், படுக்கைவரை பின்தொடரும் ஓநாய்கள்தான் இருப்பதிலேயே மோசமானவை.

இது குழந்தைக்குச் சொல்கிற நீதி இல்லை என்பது கேட்டவுடனேயே தெரிகிறது. அந்தக் காலத்துப் பாரிஸ் வரவேற்பறைகளில் தேவதைக் கதை சொல்வது பெரியவர்களின் பொழுதுபோக்கு. படித்த சீமாட்டிகள் கூடி, பழங்கதைகளுக்கு மெருகேற்றி, போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். மதாம் தோல்னுவா என்பவர் பெரோவின் புத்தகம் வந்த அதே ஆண்டில் தன் கதைத் தொகுதிகளை வெளியிட ஆரம்பித்தார். சிறு வயதிலேயே, தன்னைவிடப் பல ஆண்டு மூத்த ஒருவருக்குக் கட்டிவைக்கப்பட்டவர் அவர். அவர் கதைகளில் மிருகமாக வரும் மாப்பிள்ளைகளை அந்த அறையில் இருந்த பெண்கள் எப்படிப் புரிந்துகொண்டிருப்பார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. "பழைய கதைக்குள் இன்றைய விவகாரத்தைத் திணிக்கிறார்கள்" என்று இப்போது குறைப்படுகிறோம். 1690-களில் அந்த அறைகளில் நடந்ததும் அதேதான்.

வேட்டைக்காரர் வந்து சேர நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. 1800-இல் லுட்விக் டீக் என்ற ஜெர்மன் எழுத்தாளர் இதை நாடகமாக்கினார். அதில் ஒரு வேட்டைக்காரர் ஓநாயைச் சுட்டுக் கொல்கிறார், ஆனால் சிறுமி செத்தது செத்ததுதான். 1812 டிசம்பரில் கிரிம் சகோதரர்களின் முதல் தொகுதி வந்தபோதுதான் அவர் கத்தரிக்கோலை எடுத்து வயிற்றை வெட்டி இருவரையும் மீட்டார். வயிற்றை வெட்டி உள்ளே கல்லை நிரப்புவது அதே தொகுதியில் இருக்கும் 'ஓநாயும் ஏழு ஆட்டுக்குட்டிகளும்' கதையிலும் வருகிறது. அங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்பது ஆய்வாளர்கள் பரவலாகச் சொல்லும் கருத்து.

கிரிம் சகோதரர்களுக்கு இதைச் சொன்னது யார்? காட்டோரக் குடிசையில் ராட்டை சுற்றிய கிழவி என்றுதான் மனசில் படம் ஓடும். உண்மையில் காசெல் நகரத்து ஹாசன்ஃப்ளூக் குடும்பத்து இளம்பெண்கள் யானெட்டும் மரீயும். வசதியான வீடு, படித்த பெண்கள். தாய் வழியில் அவர்கள் பிரான்ஸிலிருந்து மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி வந்த ஹ்யூகனாட் வம்சம், வீட்டில் பிரெஞ்சு புழங்கியது. ஜெர்மன் மண்ணில் முளைத்தது என்று நாம் நம்பும் கதை, பிரெஞ்சுப் பரம்பரையின் வழியாக எல்லை தாண்டி வந்து, போகிற போக்கில் ஒரு நல்ல முடிவையும் சேர்த்துக்கொண்ட கதை.

கிரிம் கதைக்கு ஒரு வால் பகுதி உண்டு. படப் புத்தகங்கள் அதை வெட்டிவிடுவதால் பலருக்குத் தெரியாது. இன்னொரு நாள், இன்னொரு ஓநாய். இந்தத் தடவை சிறுமி நின்று பேசவில்லை, நேரே பாட்டியிடம் போய்ச் சொல்லிவிடுகிறாள். இருவரும் கதவைத் தாழிட்டுக்கொள்கிறார்கள். ஓநாய் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, அவள் இருட்டில் வீடு திரும்பும்போது பிடித்துக்கொள்ளலாம் என்று கூரைமேல் ஏறிக் காத்திருக்கிறது. வாசலில் பெரிய கல்தொட்டி ஒன்று இருக்கிறது. முந்தின நாள் சாசேஜ் வேகவைத்த தண்ணீரை அதில் ஊற்றச் சொல்கிறாள் பாட்டி. சிறுமி வாளி வாளியாகச் சுமந்து தொட்டியை நிரப்புகிறாள். வாசனை மேலே போகிறது. ஓநாய் மூக்கை உறிஞ்சிக் கழுத்தை நீட்டி, இன்னும் கொஞ்சம் நீட்டி, கூரையிலிருந்து சறுக்கித் தொட்டிக்குள் விழுந்து மூழ்கிச் சாகிறது. சிறுமி சந்தோஷமாக வீட்டுக்குப் போகிறாள். ஒரு கிழவியும் ஒரு சிறுமியும் கொஞ்சம் சாசேஜ் தண்ணீரும் போதுமாக இருந்தது. தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் பெண் என்று இன்று புதுச் சரக்காக விற்பது 1812 புத்தகத்தில், அதே கதையின் கடைசியில் இருக்கிறது.

சரி, கிரிம் என்றால் எந்தக் கிரிம்? 1812 தொடங்கி 1857 வரை ஏழு பதிப்புகள். ஒவ்வொன்றுக்கும் தம்பி வில்ஹெல்ம் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் பதிப்பில், மந்திரக்காரி கோபுரத்தில் அடைத்துவைத்த ராப்பன்ஸல் அவளிடமே, "என் உடுப்பெல்லாம் ஏன் இறுக்கமாகிக்கொண்டே போகிறது?" என்று வெகுளியாகக் கேட்டு மாட்டிக்கொள்கிறாள். இளவரசன் தினம் கோபுரத்தில் ஏறி வந்ததன் விளைவு. குழந்தைகள் படிக்கும் புத்தகத்தில் இது என்ன என்று முணுமுணுப்பு எழுந்ததும், "இளவரசனைவிட நீ ஏன் இவ்வளவு கனக்கிறாய்?" என்று அவளையே உளற வைத்துவிட்டார். கர்ப்பம் போய், அவள் மண்டுவானது மிச்சம். ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னது முதல் பதிப்பில் பெற்ற தாயே. 1819-இல் அவள் மாற்றாந்தாய். ஹான்ஸல், கிரெட்டல் இருவரையும் காட்டில் விட்ட தாய்க்கும் பிற்பாடு இதே கதி. நடுத்தர வர்க்க வீட்டின் வரவேற்பறையில் வைக்கும் புத்தகத்தில் கொலைகாரத் தாய்க்கு இடமில்லை, பழியைச் சுமக்கச் சித்தி வந்தாள். அப்புறம் அந்தப் புகழ்பெற்ற முத்தம்? கிரிம் எழுதிய ஸ்னோ ஒயிட்டில் அது கிடையவே கிடையாது. சவப்பெட்டியைச் சுமந்தவர்கள் தடுக்கிக் குலுங்கியதில் தொண்டையில் சிக்கியிருந்த ஆப்பிள் துண்டு வெளியே வந்து விழுகிறது, அவள் எழுந்துவிடுகிறாள். முத்தத்தை உலகமெங்கும் கொண்டுபோனது டிஸ்னியின் 1937 படம். ஆகவே "அப்படியே" படித்துக் காட்ட வேண்டும் என்றால் எந்தப் பதிப்பை என்று முதலில் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

இப்போது சிவப்புத் தொப்பியின் இன்னொரு பக்கத்துக்கு வருகிறேன். இந்தப் பதிலில் நீங்கள் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதானால் இதுவாக இருக்கட்டும். பிரான்ஸின் நடுப்பகுதியில் நிவெர்னே என்று ஒரு வட்டாரம். அங்கே அஷீல் மிலியான் என்பவர் 1885 வாக்கில் கிராமத்தார் வாயிலிருந்து கதைகளைக் கேட்டு எழுதிக்கொண்டார். அதில் ஒன்றுக்குப் 'பாட்டி கதை' என்று பெயர். 1950-களில் பால் தெலாரூ என்ற நாட்டார் கதை ஆய்வாளர் அதை வெளிக்கொண்டுவந்தார்.

இதில் சிவப்புத் தொப்பியே கிடையாது. ஒருத்தி ரொட்டி சுடுகிறாள். சூடான ரொட்டியையும் ஒரு புட்டிப் பாலையும் மகளிடம் கொடுத்துப் பாட்டி வீட்டுக்கு அனுப்புகிறாள். வழி இரண்டாகப் பிரியும் இடத்தில் ஓநாய்மனிதன் நிற்கிறான். "எந்த வழியாகப் போகிறாய்? ஊசி வழியா, குண்டூசி வழியா?" அவள் "ஊசி வழி" என்கிறாள். கேட்பதற்குப் புதிர் மாதிரி இருக்கும். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பெண்பிள்ளைகள் பருவ வயதில் ஒரு குளிர்காலம் தையற்காரியிடம் போயிருப்பது வழக்கம் என்றும், குண்டூசி கன்னிப் பருவத்தையும் ஊசி அடுத்த நிலையையும் குறிக்கிறது என்றும் இவோன் வெர்தியே என்ற இனவரைவியலாளர் விளக்கம் சொன்னார். எனக்கு அது சரியாகவே படுகிறது.

அவள் ஊசி பொறுக்கிக்கொண்டு ஆடி அசைந்து வருவதற்குள் அவன் பாட்டியைக் கொன்று, கொஞ்சம் சதையை அலமாரியிலும் ரத்தத்தைப் புட்டியிலும் எடுத்து வைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறான். "அலமாரியில் இறைச்சி இருக்கிறது, சாப்பிடு. புட்டியில் இருப்பதைக் குடி." அவள் சாப்பிடுகிறாள். அங்கிருந்த பூனை சொல்கிறது: "சீ! பாட்டியின் சதையைத் தின்று, பாட்டியின் ரத்தத்தைக் குடிக்கிறாளே." அடுத்தது உடை. மேலே கட்டிய ஏப்ரனைக் கழற்றி "இதை எங்கே வைக்கட்டும்?" என்று கேட்கிறாள். "நெருப்பில் போடு குழந்தை, இனி அது உனக்குத் தேவைப்படாது." ரவிக்கை, பாவாடை, காலுறை என்று ஒவ்வொன்றுக்கும் அதே கேள்வி, அதே பதில். சொல்பவர் இந்த இடத்தை எவ்வளவு இழுத்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். கட்டிலில் ஏறிய பிறகு "பாட்டி, உனக்கு உடம்பெல்லாம் எவ்வளவு முடி!" என்று ஆரம்பித்து, நகம், தோள், காது, மூக்கு, வாய். "உன்னைத் தின்னத்தான்."

உடனே அவள், "ஐயோ பாட்டி, எனக்கு வெளியே போகணும், அவசரம்" என்கிறாள். "கட்டிலிலேயே போ." "இல்லை பாட்டி, வெளியேதான் போகணும்." சரி என்று அவள் காலில் ஒரு கம்பளிக் கயிற்றைக் கட்டி வெளியே விடுகிறான். அவள் கயிற்றை அவிழ்த்து முற்றத்துப் பிளம் மரத்தில் கட்டிவிட்டு ஓட்டம் பிடிக்கிறாள். உள்ளேயிருந்து, "என்ன, இன்னுமா முடியலை?" பதில் இல்லை. எழுந்து துரத்துகிறான். அவன் வந்து சேரும்போது அவள் தன் வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திவிட்டாள்.

அப்படியானால் இதுதான் மூலம் என்று கொடி பிடிக்கலாமா? அதுவும் முடியாது. இது பதிவானது பெரோவுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுக்குப் பிறகு. பெரோவில் இல்லாத இந்தப் பகுதிகள் வெவ்வேறு ஊர்களில் திரும்பத் திரும்ப வருவதைக் கொண்டு பழையது என்று கணிக்கிறார்கள். கணிப்புதான். சீனா, கொரியா, ஜப்பான் பக்கமெல்லாம் பாட்டி வேஷத்தில் வரும் புலி உண்டு. இருட்டில் கடக் முடக்கென்று சத்தம் கேட்டு "என்ன பாட்டி தின்கிறாய்?" என்று கேட்டால், அது கூடப் பிறந்த பிள்ளையின் விரல். அங்கேயும் வெளியே போகணும் என்ற சாக்கு வருகிறது. 2013-இல் ஜேமி டெஹ்ரானி என்ற மானுடவியலாளர், உயிரினங்களின் வம்சாவளியைக் கணிக்கும் முறையை வைத்து இத்தகைய 58 வடிவங்களை ஒப்பிட்டார். சிவப்புத் தொப்பியும் ஏழு ஆட்டுக்குட்டிகளும் கலந்து உருவானது கிழக்காசியப் புலிக் கதை என்பது அவர் முடிவு.

இடையில் ஒன்று. உளவியலாளர் எரிக் ஃப்ரோம் 1951-இல் இந்தக் கதைக்கு ஒரு விளக்கம் எழுதினார்: சிவப்புத் தொப்பி மாதவிடாய், புட்டியை உடைத்துவிடாதே என்ற எச்சரிக்கை கன்னித்தன்மை, இப்படி. வரலாற்றாசிரியர் ராபர்ட் டார்ன்டன் 1984-இல் அதைப் போட்டு உடைத்தார். குடியானவர்கள் சொன்ன கதையில் தொப்பியும் இல்லை, புட்டி பற்றிய எச்சரிக்கையும் இல்லை. பெரோ ஒரு குழந்தையின் தலையில் மாட்டிவிட்ட தொப்பியை வைத்துக்கொண்டு மனித குலத்தின் ஆழ்மனதை அளந்திருக்கிறார் ஃப்ரோம். மூலம் இதுதான் என்ற நம்பிக்கை பெரிய ஆட்களையும் எங்கே கொண்டுபோய் விடும் பாருங்கள்.

இத்தனை வடிவங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் மாறாத இடம் ஒன்று தெரியும். கட்டிலில் ஓநாய், அதன் முன்னால் ஒரு சின்னப் பெண். அவளை அங்கிருந்து யார் எழுப்புவது என்பதில்தான் ஒவ்வொருவரும் பிரிகிறார்கள். நிவெர்னேயில் அவளே தப்பிக்கிறாள். பெரோவில் யாரும் வருவதில்லை. கிரிமில் வேட்டைக்காரர், இரண்டாம் தடவை பாட்டியும் பேத்தியும். ஆகவே ஒரு புது வடிவத்தைக் கையில் எடுத்தால் நான் பார்ப்பது, ஓநாய்க்குப் பல் இருக்கிறதா என்பதைத்தான். ஆபத்து ஆபத்தாக இருக்கும்வரை, தப்பிக்கும் வழியை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். பல்லைப் பிடுங்கிவிட்டால் தப்பிப்பதற்கு எதுவும் இல்லை, கதையும் இல்லை.

ஜேம்ஸ் தர்பர் 1939-இல் எழுதிய ஒரு குட்டிக்கதை இருக்கிறது, ஒரு பக்கம்கூட வராது. கட்டிலுக்கு இருபத்தைந்து அடி தூரத்தில் நிற்கும்போதே அது பாட்டி இல்லை என்று சிறுமிக்குத் தெரிந்துவிடுகிறது. கூடையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிடுகிறாள். சிரித்துவிட்டுக் கடந்துபோகலாம். ரோல்ட் டால் 1982-இல் இதே நகைச்சுவையைச் சந்தப் பாட்டாக்கியபோது ஒரு படி மேலே போனார். அவர் சிறுமி உள்ளாடைக்குள்ளிருந்து துப்பாக்கியை உருவுகிறாள், பிற்பாடு ஓநாய்த் தோல் கோட்டில் காட்டில் உலா வருகிறாள். அதே புத்தகத்தின் மூன்று பன்றிக்குட்டிகள் கதையில், கடைசிப் பன்றி அவளுக்குப் போன் போட்டு உதவிக்குக் கூப்பிடுகிறது. வருகிறாள், ஓநாயைச் சுடுகிறாள். முடிவில் அவளிடம் ஓநாய்த் தோல் கோட் இரண்டு, கூடவே பன்றித் தோலில் ஒரு பெட்டி. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், கொஞ்சம் திக்கென்றும் இருக்கும். பல் எங்கும் போய்விடவில்லை, சிறுமியின் வாய்க்கு மாறியிருக்கிறது.

பெரியவர்களுக்கான வடிவங்களில் ஏஞ்சலா கார்ட்டரின் 1979 தொகுப்பைத் தாண்டி யாரும் போனதாக எனக்குத் தோன்றவில்லை. பெரோவை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துவிட்டு, அந்தச் சூட்டோடு எழுதியவர் அவர். தொகுப்பில் ஓநாய் பற்றி மட்டும் மூன்று கதைகள். பலரும் பேசுவது, பின்னர் 1984-இல் நீல் ஜோர்டன் படமாக்கியதை. அதில் கட்டிலில் பெண் பயப்படவில்லை, உன்னைத் தின்னத்தான் என்றதும் வாய்விட்டுச் சிரிக்கிறாள். கடைசியில் ஓநாயின் கால்களுக்கு நடுவே நிம்மதியாகத் தூங்குகிறாள். ஆனால் கட்டிலுக்கு அடியில் பாட்டியின் எலும்புகள் கிடந்து கடகடக்கின்றன, கார்ட்டர் அதை மறக்க விடமாட்டார்.

என் ஓட்டு இன்னொன்றுக்கு. இரண்டு மூன்று பக்கமே வரும், ஓநாய்மனிதன் பற்றிய கதை. குளிர் நாடு, ஏழை ஜனங்கள், சூனியக்காரி என்று யார் மேலாவது சந்தேகம் வந்தால் கல்லால் அடித்துக் கொன்றுவிடுவார்கள். சிறுமி அப்பாவின் வேட்டைக் கத்தியோடு பாட்டி வீட்டுக்குப் போகிறாள். வழியில் ஓநாய் பாய்கிறது. அவள் அதன் வலது முன்னங்காலை வெட்டி, துணியில் சுற்றிக் கூடையில் போட்டுக்கொள்கிறாள். பாட்டி காய்ச்சலில் கிடக்கிறாள். நெற்றியில் ஈரத்துணி வைக்கலாம் என்று கூடையிலிருந்து துணியை உதறினால், கீழே விழுவது ஓநாயின் கால் இல்லை, ஒரு மனுஷியின் கை. அதில் மோதிரமும் ஒரு மருவும். பாட்டிக்கு வலது கை இருந்த இடத்தில் வெட்டுக்காயம். சிறுமி கூச்சல் போட, அக்கம்பக்கத்தார் ஓடி வந்து, மருவைப் பார்த்து சூனியக்காரிதான் என்று தீர்மானித்து, கிழவியைப் பனியில் அடித்து விரட்டிக் கல்லெறிந்து கொல்கிறார்கள். அப்புறம் சிறுமி பாட்டியின் வீட்டிலேயே குடியேறி நன்றாக வாழ்ந்தாள் என்று கதை முடிகிறது. பாட்டி ஓநாயா, அல்லது வீட்டுக்கு ஆசைப்பட்ட ஒரு பெண் அந்த ஊரின் மூடத்தனத்தைப் பயன்படுத்திக்கொண்டாளா? கார்ட்டர் வாயே திறப்பதில்லை. பழைய கதையின் ஒரு உறுப்பும் விடுபடவில்லை: பாட்டி, பேத்தி, கூடை, காடு, ஓநாய். ஆபத்து எந்தப் பக்கம் என்பது மட்டும் நமக்குத் தெரியாமல் போய்விட்டது. புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' படித்தவர்களுக்கு இந்த முறை பழக்கமானது. அவர் ராமாயணத்தில் எதையும் அழிக்கவில்லை. சீதை தீக்குளித்த செய்தியை அகலிகையின் காதில் விழ வைத்தார், அவள் மறுபடி கல்லானாள்.

இனி உங்கள் மனக்குறைக்கு வருகிறேன். சூனியக்காரி நல்லவளாவது. வில்லியின் பக்கம் நின்று கதை சொல்வதில் தப்பே இல்லை. நீல் கெய்மன் 1994-இல் ஸ்னோ ஒயிட் கதையைச் சித்தியின் வாயால் சொன்னார். அதில் சித்திக்கு நியாயம் இருக்கிறது, ஏனென்றால் அந்த வெளுத்த குழந்தை ரத்தம் குடிக்கிற பிறவி. சித்தி நல்லவளானாள், பயம் அப்படியே குழந்தை மேல் ஏறிக்கொண்டது. 2014-இல் டிஸ்னி எடுத்த 'மெலிஃபிசன்ட்' இதே வேலையைத்தான் செய்யப் பார்த்தது. ஸ்லீப்பிங் பியூட்டிக்குச் சாபம் கொடுத்தவள் ஏன் கொடுத்தாள்? அவளுக்கு மயக்க மருந்து கொடுத்து அவள் சிறகை வெட்டிக்கொண்டு போனான், காதலித்தவன். அந்த ஒரு காட்சி நிஜமாகவே வலிக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு படம் சாபத்துக்காக வருத்தப்பட ஆரம்பித்துவிடுகிறது. சாபம் கொடுத்தவளே தொட்டிலருகில் நின்று குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள், கடைசியில் அவள் முத்தத்திலேயே பெண் விழிக்கிறாள். எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லியாகிவிட்டது, பயப்பட யாரும் மிச்சமில்லை. உங்கள் மகளின் மன்னிப்புக் கேட்கும் ஓநாயும் இந்த ரகமாகத்தான் இருக்க வேண்டும்.

ஸ்லீப்பிங் பியூட்டியை இதைவிடக் கடுமையாகக் கையாள முடியும். நேப்பிள்ஸ்காரர் ஜாம்பாட்டிஸ்டா பசீலேயின் தொகுப்பில், 1630-களில் அச்சான வடிவத்தில், தூங்குகிற பெண்ணிடம் வரும் ராஜா முத்தத்தோடு நிற்பதில்லை. அவள் தூக்கத்திலேயே இரட்டைக் குழந்தைகளைப் பெறுகிறாள். பால் தேடிய குழந்தை அவள் விரலைச் சப்பியதில், அதில் குத்தியிருந்த நார்த் துணுக்கு வெளியே வந்து அவள் விழிக்கிறாள். பெரோவும் கிரிமும் இதை மூடி மறைத்தார்கள். 1971-இல் அமெரிக்கக் கவிஞர் ஆன் செக்ஸ்டன் கிரிம் கதைகளைக் கவிதைகளாக எழுதியபோது, விழித்த இளவரசிக்கு அதன்பின் தூக்கம் வராத நோயைக் கொடுத்தார். தூங்கினால் யார் வருவார்களோ என்ற பயம், அதற்குள் ஒரு தகப்பனின் நிழல். முந்நூறு ஆண்டு மறைத்ததை அவர் திரும்பத் தோண்டி எடுத்தார் என்று சொல்லலாம்.

'ஃப்ரோசன்' பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் உங்கள் வீட்டில் அது கண்டிப்பாக ஓடியிருக்கும். 2013-இல் வந்தபோது, இளவரசனை நம்பாத பெண்கள், அக்கா தங்கைப் பாசம் என்று அதைப் புரட்சியாகக் கொண்டாடினார்கள். அதற்கு ஆதாரமான, டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சனின் 'பனி ராணி' 1844-இல் வந்தது. அதில் கடத்திக்கொண்டு போகப்படுவது பையன். கெர்டா என்ற சிறுமி வெறுங்காலோடு உலகின் வடகோடிவரை நடந்துபோய் அவனை மீட்கிறாள். வழியில் உதவுவது, தூங்கும்போதும் கத்தியை விடாத ஒரு கொள்ளைக்காரச் சிறுமி. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் பழையதுதான் துணிச்சலானது. இவை தொடர்ந்து எடுக்கப்படுவதற்குக் காரணமும் பெரும்பாலும் கலை இல்லை. பழங்கதைக்கு யாருக்கும் உரிமைத் தொகை கொடுக்க வேண்டாம், பெயரைச் சொன்னாலே கூட்டத்துக்குக் கதை தெரியும், பாதி விளம்பரம் மிச்சம்.

மாற்றுவதில் வேடிக்கையும் உண்டு. 1990 வாக்கில் கலிஃபோர்னியாவின் கல்வர் சிட்டி பள்ளி வட்டாரத்தில் சிவப்புத் தொப்பிப் படப் புத்தகம் ஒன்றை வகுப்புகளிலிருந்து எடுத்தார்கள். கிழவியை உயிரோடு விழுங்குவது பரவாயில்லை, பாட்டிக்குக் கொண்டுபோகும் கூடையில் ஒயின் புட்டி தெரிகிறதாம்.

சரி, ஒன்பது வயதுக்கு என்ன செய்யலாம்? கிரிமிலிருந்து தொடங்குங்கள், ஆனால் இரண்டாவது ஓநாயும் சாசேஜ் தொட்டியும் இருக்கும் முழுப் பதிப்பாக வாங்குங்கள். பிலிப் புல்மன் 2012-இல் ஐம்பது கிரிம் கதைகளைத் தெளிவான ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லியிருக்கிறார், படித்துக் காட்ட வாகானது. கூடவே எட் யங்கின் 'லோன் போ போ', சீனத்துப் பாட்டி ஓநாய்க் கதை. மூன்று சகோதரிகள் மரத்தில் ஏறிக்கொண்டு ஓநாயைக் கூடையில் வைத்து மேலே இழுத்துக் கீழே போடும் படங்கள் கொஞ்சம் பயமாகவே இருக்கும், அதுதான் வேண்டும். டாலை அவளே பிடுங்கிப் படித்துக்கொள்வாள். பெரோவின் வேட்டைக்காரர் இல்லாத முடிவையும் ஒரு நாள் சொல்லிவிட்டு, ஏன் யாரும் வரவில்லை என்று அவளையே கேளுங்கள். நிவெர்னே கதையைப் பூனையும் புட்டியும் இல்லாமல், ஊசி வழியும் கயிறும் பிளம் மரமும் மட்டும் வைத்து வாய்வழியாகச் சொல்லலாம். "வெளியே போகணும்" என்ற இடத்தில் எந்தப் பிள்ளையும் சிரிக்காமல் இருக்காது. அவள் வாங்கி வைத்திருக்கும் மன்னிப்பு ஓநாயைப் பிடுங்கி எறிய வேண்டாம், இத்தனைக்கும் பிறகு அது தானாகவே தூசி பிடிக்கும். கார்ட்டரும் செக்ஸ்டனும் இப்போதைக்கு உங்கள் அலமாரியில் இருக்கட்டும், கல்லூரிக்குப் போகும் வயதில் கொடுக்கலாம்.